எண்ணெய் வந்தது, ஊர் மாறியது

(ஒற்றசேகரமங்கலம் தொடர்கல்வி மையத்தில் படித்தவர்களுக்கான பேச்சு)



நம் பக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டி, "அது கல்ஃபுகாரன் வீடு" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஒற்றசேகரமங்கலம் ஆனாலும் சரி, பாறசாலை ஆனாலும் சரி, நெய்யாற்றின்கரை ஆனாலும் சரி. வீடு கான்கிரீட் வீடு. முன்னால் இரும்புக் கேட்டு. பல நேரம் உள்ளே வயதான தாயும் தகப்பனும் மட்டும்தான் இருப்பார்கள்.

கல்ஃபில் இருந்து வந்த பணம் நமக்குத் தெரியும். பெட்டியில் வந்த சென்ட்டும் கம்பளியும் டார்ச்சு லைட்டும் தெரியும். ஆனால் அந்த நாட்டு மக்களை நமக்குத் தெரியுமா? அவர்கள் முன்பு எப்படி வாழ்ந்தார்கள்? திடீரென்று பணம் வந்தபோது அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது? அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை வந்ததா? பெண்கள் பள்ளிக்கூடம் போனார்களா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

முத்துக் குளித்த காலம்

அரபு நாட்டுக்கும் ஈரானுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது. அதைத்தான் வளைகுடா என்கிறோம். ஆங்கிலத்தில் கல்ஃப். நம் ஊர்ப் பழைய ஆட்கள் "பேர்ஷியா" என்று சொல்வார்கள். சவூதி அரேபியா, குவைத்து, பஹ்ரைன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் ஆகிய 6 நாடுகளை நாம் கல்ஃப் நாடுகள் என்கிறோம். துபாய், அபுதாபி, சார்ஜா எல்லாம் தனி நாடுகள் அல்ல. அவை அமீரகத்துக்குள் இருப்பவை. அமீரகம் 1971 டிசம்பர் 2-ந் தேதிதான் ஒரு நாடாகப் பிறந்தது. அதாவது, நம் கேரள மாநிலம் அதைவிட 15 வயது மூத்தது!

எண்ணெய்க்கு முன்னால் அந்தக் கரையோர மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? முத்துக் குளித்தார்கள். மீன் பிடித்தார்கள். உள்நாட்டில் ஒட்டகமும் ஆடும் மேய்த்தார்கள். பேரீச்சை வளர்த்தார்கள். அந்தப் பேரீச்சை ஓலையால்தான் பலரும் வீடு கட்டினார்கள். நம் பக்கத்து ஓலைப் புரையும் அவர்கள் ஓலை வீடும் அண்ணன் தம்பி மாதிரி.

முத்துக் குளிப்பது லேசான வேலை அல்ல. தூத்துக்குடிப் பக்கம் அந்தத் தொழில் நடந்ததைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கும் அதே முறைதான். கோடைக்காலத்தில் படகு புறப்படும். சுமார் 4 மாதம் கடலிலேயே இருக்கும். குளிப்பவர் மூக்கில் ஒரு கிளிப்பு மாட்டுவார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார். மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவார். மேலே இருப்பவர் கயிற்றை இழுத்துத் தூக்குவார். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படி. காது கெடும். கண் கெடும்.

கிடைத்த முத்து பம்பாய்க்கு வரும். லாபம் யாருக்கு? வியாபாரிக்கும் படகுத் தலைவனுக்கும். குளிப்பவன் முன்பணம் வாங்கியிருப்பான். அந்தக் கடன் தீரவே தீராது. அப்பன் செத்தால் கடன் மகன் தலையில் விழும். கணக்குப் புத்தகம் முதலாளி கையில். குளிப்பவனுக்கு எழுத்துத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் எப்படிக் கேட்பான்?

பிறகு ஜப்பானில் சிப்பியை வளர்த்து முத்து எடுக்கப் பழகினார்கள். வளர்ப்பு முத்து மலிவாக வந்தது. 1930-ஐ ஒட்டி உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. இரண்டும் சேர்ந்து அடித்த அடியில் வளைகுடா முத்துத் தொழில் விழுந்தது. பல ஊர்களில் பட்டினி வந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அந்தக் கரையில் ஓடியது எந்தப் பணம் தெரியுமா? நம் இந்திய ரூபாய்! இந்தியா விடுதலை பெற்ற பிறகும் ஓடியது. அங்கிருந்து தங்கம் திருட்டுத்தனமாக இங்கே வந்தது. நம் ரூபாய் அங்கே போனது. அதைத் தடுக்க 1959-ல் வளைகுடாவுக்கு என்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது நம் ரிசர்வ் வங்கி. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. உடனே அங்கே பல அரசுகள் ரூபாயைக் கைவிட்டன. இன்று நாம் ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்று கேட்கிறோம். ஒரு காலத்தில் அவர்கள் சம்பளமே ரூபாயில்தான்.

தரைக்கு அடியில் இருந்த பணம்

1932-ல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. 1938-ல் சவூதியிலும் குவைத்திலும் கிடைத்தது. அபுதாபியில் எண்ணெய் கண்டது 1958-ல். கப்பலில் ஏற்றி விற்கத் தொடங்கியது 1962-ல். ஓமன் 1967-ல் விற்கத் தொடங்கியது.

எண்ணெய் எடுத்தவை வெளிநாட்டுக் கம்பெனிகள். முதலில் அரபு அரசுகளுக்குக் கிடைத்தது சிறிய பங்குதான். 1973-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில் இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியாவுக்கும் போர் நடந்தது. இஸ்ரேலுக்கு உதவிய நாடுகளுக்கு எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் சொல்லிவிட்டன. ஒரு பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்தது. சில மாதத்தில் அது 12 டாலரை ஒட்டிப் போனது. 4 மடங்கு!

வந்த பணத்தில் ரோடு போட வேண்டும். துறைமுகம் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விமான நிலையம் எல்லாம் வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். ஆனால் ஆள் எங்கே? அந்த நாடுகளில் மக்கள்தொகையே குறைவு. அப்போதுதான் நம் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் டிரைவருக்கும் நர்சுக்கும் அங்கே வேலை வந்தது. அதற்கு முன்பே, 1960-களில், மலபார் பக்கத்தில் இருந்து சிலர் உருவில் ஏறிப் போனார்கள். உரு என்றால் பெரிய மரக்கப்பல். கரைக்கு வராமல் தூரத்திலேயே இறக்கிவிடுவார்கள். நீந்திக் கரை ஏறினார்கள். ஏறாமல் போனவர்களும் உண்டு.

பயந்த ராஜாக்கள்

பணம் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பயந்தவர்களும் இருந்தார்கள்.

ஓமன் நாட்டைப் பாருங்கள். அங்கே சயீது பின் தைமூர் என்ற சுல்தான் ஆண்டார். புதுமை என்றாலே அவருக்குச் சந்தேகம். 1970-ல் அந்த நாடு முழுவதும் 3 பள்ளிக்கூடம்தான் இருந்தது. அதிலும் ஆண் பிள்ளைகள் மட்டும். தார் ரோடு சுமார் 10 கிலோமீட்டர்! தலைநகரம் மஸ்கட்டுக்குச் சுற்றிலும் மதில். இரவானால் கோட்டைக் கதவை அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு தெருவில் நடப்பவர் கையில் ராந்தல் விளக்கு இருக்க வேண்டும். சந்திரனில் மனிதன் இறங்கிய மறு ஆண்டு இப்படி ஒரு நாடு!

சுல்தானின் ஒரே மகன் காபூஸ். இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர். அப்பா அவரைச் சலாலா அரண்மனையில் காவலில் வைத்த மாதிரி வைத்திருந்தார். 1970 ஜூலை 23-ந் தேதி மகன் அப்பாவை இறக்கிவிட்டு ஆட்சியைப் பிடித்தார். பின்னால் நின்று உதவியது பிரிட்டிஷ் அரசு. அப்பா லண்டனுக்குப் போனார். அங்கேயே இறந்தார். காபூஸ் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். பெண் பிள்ளைகளுக்கும் திறந்தார். 1986-ல் ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. அவர் 2020 ஜனவரியில் இறக்கும் வரை ஆண்டார்.

அபுதாபியிலும் இதே கதைதான். ஷக்பூத் என்ற ஷேக் ஆண்டார். எண்ணெய்ப் பணம் வந்தது. செலவழிக்க அவருக்கு மனம் இல்லை. பணம் வந்தால் பழைய வாழ்க்கை கெட்டுவிடும் என்ற பயம். 1966-ல் குடும்பத்தார் கூடி அவரை இறக்கினார்கள். தம்பி ஜாயித் ஆட்சிக்கு வந்தார். பிறகு அமீரகத்தின் முதல் தலைவரும் அவரே.

தடுத்தவர்களை நாம் முட்டாள்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொடுக்காதது பெரிய குற்றம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் பயந்த எல்லாமே பொய்ப் பயம் அல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

பெண் பள்ளிக்கூடமும் டெலிவிஷனும்

சவூதி அரேபியாவில் இந்த இழுபறி அதிகமாக நடந்தது. மெக்காவும் மதீனாவும் அந்த நாட்டில்தான் இருக்கின்றன. மார்க்க அறிஞர்களுக்கு அங்கே பெரிய செல்வாக்கு. டெலிபோன் வந்தபோது இது சாத்தான் வேலை என்று சிலர் பயந்தார்களாம். மன்னர் அப்துல் அசீஸ் டெலிபோனில் குர்ஆன் ஓதச் சொல்லி அவர்களுக்குக் கேட்க வைத்தாராம். சாத்தான் குர்ஆனைச் சொல்ல முடியாது அல்லவா! இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

1960-ல் அரசு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கத் தொடங்கியது. எல்லா ஊரும் வரவேற்கவில்லை. புரைதா என்ற ஊரில் 1963-ல் ஆண்கள் திரண்டு எதிர்த்தார்கள். அரசு காவலுக்குப் படையை அனுப்பியது. பள்ளிக்கூடத்தை மூடவில்லை. "விருப்பம் இல்லாதவர் அனுப்ப வேண்டாம். விருப்பம் உள்ளவரைத் தடுக்காதீர்கள்" என்பதுதான் அரசின் நிலை. சில ஆண்டு கழிந்தது. அதே ஊர்க்காரர்கள் தங்கள் பெண் பிள்ளைகளுக்கும் இடம் கேட்டு வந்தார்கள்.

எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த அரசு ஒன்று செய்தது. பெண் கல்வியை மார்க்கத் துறையின் கையில் கொடுத்தது. 2002 மார்ச்சில் மெக்காவில் ஒரு பெண் பள்ளிக்கூடம் தீப்பிடித்தது. 15 மாணவிகள் இறந்தார்கள். நாடே கொதித்தது. அந்த ஆண்டுதான் பெண் கல்வி கல்வித் துறையோடு சேர்ந்தது.

டெலிவிஷன் கதை இன்னும் கொடுமை. 1965-ல் ரியாதில் டெலிவிஷன் வந்தது. உருவம் காட்டுவது பாவம் என்று சிலர் எதிர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அரச குடும்பத்து இளைஞர் ஒருவரும் இருந்தார். போலீஸ் அவரைச் சுட்டது. அவர் இறந்தார். 10 ஆண்டு கழிந்தது. 1975 மார்ச் 25-ந் தேதி மன்னர் பைசல் விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் அருகில் வந்து சுட்டான். மன்னர் இறந்தார். சுட்டவன் யார்? முன்பு இறந்த அந்த இளைஞரின் தம்பி. அண்ணனுக்காகப் பழி வாங்கினான் என்று பலர் சொன்னார்கள்.

1979 நவம்பர் 20-ந் தேதி இன்னும் பெரிய அதிர்ச்சி. ஜுஹைமான் என்பவனின் ஆட்கள் துப்பாக்கியோடு மெக்காப் பெரிய பள்ளிவாசலைப் பிடித்துக்கொண்டார்கள். அரசு கெட்டுவிட்டது, மேல்நாட்டு மோகம் பிடித்துவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. சுமார் 2 வாரம் சண்டை நடந்தது. நூற்றுக்கணக்கானவர் செத்தார்கள். 1980 ஜனவரியில் 63 பேருக்கு மரண தண்டனை கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர்களைத் தண்டித்த அரசே, அவர்கள் கேட்டதில் பாதியைச் செய்தது. கட்டுப்பாடு கூடியது. சினிமாக் கொட்டகைகள் மூடப்பட்டன. பெண்கள் மேல் காவல் அதிகமானது. 1990 நவம்பர் 6-ந் தேதி ரியாதில் 47 பெண்கள் சேர்ந்து காரை ஓட்டிக் காட்டினார்கள். அவர்களில் ஆசிரியைகளும் இருந்தார்கள். பலருக்கு வேலை போனது. பள்ளிவாசல்களில் அவர்களைத் திட்டினார்கள். எந்தச் சட்டப் புத்தகத்தையும் விட ஊர் வாய் பெரியது. அது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

28 ஆண்டு காத்திருந்தார்கள். 2018 ஏப்ரலில் சினிமாக் கொட்டகை திறந்தது. அதே ஆண்டு ஜூன் 24-ந் தேதி பெண்கள் சட்டப்படி கார் ஓட்டினார்கள். அப்படிக் கேட்டுப் போராடிய சில பெண்களை அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அரசு சிறையில் அடைத்திருந்தது. "நான் கொடுப்பேன், நீ கேட்கக் கூடாது" என்பது போல் இருக்கிறது இது.

குவைத்தில் வேறு வழி. அங்கே நாடாளுமன்றம் இருந்தது. பெண்கள் பல ஆண்டு வாக்குரிமை கேட்டார்கள். 2005-ல் கிடைத்தது. 2009-ல் 4 பெண்கள் உறுப்பினர் ஆனார்கள்.

சொந்த நாட்டில் குறைந்த பேர்

ஷேக் ஷக்பூத் பயந்தது என்ன? பழைய வாழ்க்கை போய்விடும் என்று. போகத்தான் செய்தது.

அமீரகத்தில் இன்று 10 பேரை நிறுத்தினால், ஏறக்குறைய ஒருவர்தான் அந்த நாட்டுக் குடிமகன். கத்தாரிலும் அப்படித்தான். மற்றவர் எல்லாம் வெளியில் இருந்து வந்தவர்கள். கடையில் போய் அரபியில் கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது. இந்தியிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேச வேண்டும். குழந்தையை வளர்ப்பது வேறு நாட்டுப் பெண். பிள்ளை அரைகுறை அரபி பேசுகிறது என்று பாட்டிமார் வருத்தப்படுகிறார்கள். அந்தப் பாட்டியின் இடத்தில் நின்று பார்த்தால் அது சின்ன வருத்தம் அல்ல.

கல்யாணச் செலவும் பெரிய தலைவலி ஆனது. அங்கே மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மகர் கொடுக்க வேண்டும். பணம் வந்த பிறகு மகர் ஏறியது. விருந்து ஏறியது. நகை ஏறியது. இளைஞர்கள் கடன் வாங்கினார்கள். சிலர் செலவு குறைவு என்று வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டினார்கள். உள்ளூர்ப் பெண்கள் கல்யாணம் ஆகாமல் நின்றார்கள். அமீரக அரசு 1992-ல் கல்யாண நிதி என்று ஒன்று தொடங்கியது. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டும் உள்ளூர் ஆணுக்கு 70,000 திர்ஹம் உதவி. ஆடம்பரத்தைக் குறைக்கச் சொன்னது. மகருக்கு உச்ச அளவும் வைத்தது. நம் நாட்டில் 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது. வரதட்சணையும் இருக்கிறது. அங்கே கொடுப்பவன் மாப்பிள்ளை. இங்கே கொடுப்பவர் பெண்ணைப் பெற்றவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எல்லாம் அவர்களே எழுதியும் இருக்கிறார்கள். அப்துல் ரஹ்மான் முனீஃப் என்று ஒரு எழுத்தாளர். சவூதிக் குடும்பத்தவர். 1984-ல் "உப்பு நகரங்கள்" என்ற நாவலை வெளியிட்டார். ஒரு சோலைக் கிராமத்தில் எண்ணெய்க் கம்பெனி வருகிறது. இயந்திரங்கள் பேரீச்சை மரங்களைப் பிடுங்குகின்றன. ஊரே கலைகிறது. இதுதான் கதையின் தொடக்கம். சவூதி அரசு இந்த நாவலைத் தடை செய்தது.

நம் வீட்டுக்குள் வந்த கல்ஃப்

மாற்றம் அங்கே மட்டும் நடக்கவில்லை. அதே எண்ணெய் நம் ஊரையும் மாற்றியது.

திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. 1998-ல் அவர்கள் கேரளம் முழுவதும் கணக்கு எடுத்தார்கள். 13 லட்சத்து 60 ஆயிரம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். பெரும்பாலானவர் கல்ஃபில். 2013-ல் இது 24 லட்சம் ஆனது. 2023-ல் எடுத்த கணக்கில் 22 லட்சம். கணவன் தூரத்தில், மனைவி இங்கே என்று வாழ்ந்த பெண்கள் மட்டும் 1998-ல் ஏறக்குறைய 10 லட்சம் பேர்.

அந்தப் பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் செல்போன் இல்லை. கடிதம்தான். சிலர் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். 1977-ல் எஸ்.ஏ. ஜமீல் "துபாய்க் கத்துப் பாட்டு" என்று மாப்பிளைப் பாட்டு ஒன்று பாடினார். மனைவி துபாயில் இருக்கும் கணவனுக்கு எழுதும் கடிதமே அந்தப் பாட்டு. அதைக் கேட்டு அழாத கல்ஃப் வீடு இல்லை என்பார்கள்.

எழுத்துத் தெரியாத மனைவி என்ன செய்வாள்? கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். கணவன் ரகசியமாக எழுதியதைப் பத்து வயதுப் பிள்ளை உரக்க வாசிக்கும்! வங்கி டிராஃப்டில் கைநாட்டு. யாரோ பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். முத்துக் குளித்தவனின் கணக்குப் புத்தகம் ஞாபகம் வருகிறதா?

இதே பெண்கள்தான் பிறகு வங்கிக்குத் தனியாகப் போனார்கள். கொத்தனாரிடம் கூலி பேசினார்கள். வீடு கட்டி முடித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். லீலா குலாத்தி என்ற ஆய்வாளர் திருவனந்தபுரத்துப் பெண்கள் சிலரின் வாழ்க்கையை எழுதி 1993-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். வீட்டை விட்டு இறங்காத பெண்கள் வீட்டையே நடத்தும் பெண்கள் ஆனதை அதில் பார்க்கலாம். கணவன் திரும்பி வந்ததும், "இதெல்லாம் உனக்கு யார் சொல்லித் தந்தது?" என்று கேட்ட சண்டைகளும் வீடுகளில் உண்டு. மாமியார் ஒரு பக்கம் பணத்தைக் கேட்பார். மருமகள் ஒரு பக்கம் கேட்பாள். டிராஃப்ட் யார் பேரில் வருகிறது என்பதிலேயே எத்தனை குடும்பம் பிரிந்தது!

அயல்வீட்டைப் பார்த்துக் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுப்பார்கள். இங்கே எட்டு அறை பூட்டிக் கிடக்கும். ஊரார் பெருமையாகப் பேசும் வீடு அது. கட்டினவர் அதில் மொத்தம் எத்தனை இரவு தூங்கினார் என்று எண்ணினால் தெரியும்.

போகிறவர் கையில் இருக்க வேண்டியது

இன்னும் போகிறார்கள். போகட்டும். ஆனால் பழைய கல்ஃப் இப்போது இல்லை. அந்த நாட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும். சவூதி அரசு 2011-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பெனியும் இத்தனை பங்கு சவூதிக்காரருக்கு வேலை கொடுக்க வேண்டும். இதன் பேர் நிதாகத். 2013-ல் இதைக் கடுமையாக நடத்தியபோது பலர் திரும்ப வேண்டி வந்தது. நம் மாநிலத்தில் வெளிமாநிலக்காரனுக்கு வேலை போகிறது என்று கோபப்படுகிறவர்கள், இதைக் கேட்டு அரபுக்காரனைத் திட்டுவது நியாயமா?

10-ம் வகுப்புத் தேறாதவருக்கு கல்ஃபுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும். 1983-ம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கொடுப்பவர் குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரி. திருவனந்தபுரத்தில் அந்த அலுவலகம் இருக்கிறது. விசிட் விசாவில் போய்ப் பிறகு வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிப் போனவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முறைப்படி போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு உண்டு. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். கேரளத்தவருக்கு நோர்க்கா அலுவலகமும் இருக்கிறது.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வாசிக்க வேண்டும். சம்பளம் எந்தப் பணத்தில்? எத்தனை மணி நேரம் வேலை? சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு? இங்கே பேசிய தொகைதானா அதில் எழுதியிருப்பது? வேலை கொடுப்பவரை அங்கே "கஃபீல்" என்பார்கள். நம் ஆட்கள் "அர்பாப்" என்பார்கள். முன்பு அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது. 2020-ல் கத்தார் அந்த விதியை மாற்றியது. மற்ற நாடுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தின. ஆனால் வீட்டு வேலைக்கும் ஆடு மேய்க்கவும் போகிறவர்களுக்குப் பல இடங்களில் இன்னும் முழுப் பாதுகாப்பு இல்லை. பென்யாமின் 2008-ல் எழுதிய "ஆடு ஜீவிதம்" அப்படி ஒருவரின் கதைதான். பிறகு சினிமாவும் ஆனது.

நம் ஊருக்கு வந்த விருந்தாளிகள்

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நம் கொத்தனார் கல்ஃபுக்குப் போனார். இங்கே வீடு கட்டுவது யார்? முதலில் தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் என்று வந்தார்கள். 2013-ல் குலாத்தி நிதி ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர். வெளிநாட்டுக்குப் போனவர் 24 லட்சம், வந்தவர் 25 லட்சம்!

இவர்களும் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். இவர்களும் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். இவர்கள் மனைவியும் போன் வரும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். டீக்கடையில் நாம் என்ன பேசுகிறோம்? "எங்கே பார்த்தாலும் இவர்கள்தான். நம் பாஷை தெரியாது. ஊரே கெட்டுப் போச்சு." துபாயில் ஒரு அரபுப் பெரியவர் நம் பிள்ளைகளைப் பார்த்து இதே சொல்லைச் சொல்லியிருப்பார்.

எல்லைப் பக்கத்துக்காரருக்கு இது புதிது அல்ல. 1956 நவம்பர் 1-ந் தேதி கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் அக்காள் வீடு, இப்பால் தங்கை வீடு. வீட்டில் ஒரு பாஷை, ஆபீசில் ஒரு பாஷை. மற்றவர் பாஷை புரியாமல் வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்களில் பலருக்குத் தெரியும்.

கேரள சாட்சரதா மிஷன் 2017-ல் பெரும்பாவூரில் ஒரு வகுப்புத் தொடங்கியது. அதன் பேர் "சங்ஙாதி". தோழன் என்று அர்த்தம். வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் எழுதவும் வாசிக்கவும் சொல்லித் தரும் வகுப்பு. அதற்கு ஒரு பாடப் புத்தகமும் வந்தது. அதன் பேர் "ஹமாரி மலையாளம்". "ஹமாரி" இந்திச் சொல். "நம்முடைய" என்று பொருள்.